பழைய கிட்டார் பிக்குகளை மொத்தமாக வாங்கலாமா?

ஆறுகம்பி:
வணக்கம். மெல்லிசைக் குழு ஒன்றில் நெடுநாள் கிட்டார் வாசித்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், வீட்டை ஒழித்தபோது கிடைத்த, கம்பிகளை மீட்டும் சிறு தகடுகளான பிக்குகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். 60க்கு மேல் இருக்கின்றன. மொத்தமாக 900 ரூபாய் கேட்கிறார். பெரும்பாலானவை பச்சையும் மஞ்சளுமான டார்டெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் வகை. சில நைலான். ஒரு டஜன் அளவுக்குப் பழுப்பும் மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்த மிகப் பழைய பிக்குகள். அவற்றுடன் ‘புளூசிப் சி.டி. 55’ என்று பொறிக்கப்பட்ட கரும்பழுப்பு நிறப் பிக் ஒன்றும், ஒரு வெளிநாட்டுக் கலைஞரின் பெயர் அச்சிட்ட பிக் ஒன்றும் உள்ளன. பிந்தையது மேடையிலிருந்து வீசப்பட்டது என்கிறார். நான் அக்கூஸ்டிக் கிட்டார் பயில்பவன். பிறர் தேய்த்த பிக்கால் பயன் உண்டா என்று அனுபவம் உள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

உப்புத்தாள்:
பிக்கின் விலை அதன் முனையில் இருக்கிறது. முனை போனால் மீதி வெறும் பிளாஸ்டிக் துண்டு. ஒவ்வொருவரும் பிக்கைப் பிடிக்கும் சாய்வு வேறு என்பதால், ஒருவர் கையில் ஒரு பக்கமாகத் தேய்ந்த முனை, இன்னொருவர் வாசிக்கும்போது தடித்த கம்பிகளில் கரகரவென்று உரசும். ஆகவே டார்டெக்ஸ் பிக்குகளை வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்து, இரண்டு விளிம்பும் ஒரே வளைவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மஞ்சள் 0.73 மி.மீ., பச்சை 0.88 மி.மீ. என்று நிறத்திலேயே தடிமன் தெரிந்துவிடும். சற்றே தேய்ந்தவற்றை 800 எண் உப்புத்தாளிலும் பிறகு ஜீன்ஸ் துணியிலும் தேய்த்துச் சரிசெய்யலாம். முனை மழுங்கியிருந்தாலும் மேலே வளைந்த மூலைகளான இரு தோள்களும் புதிதாகவே இருக்கும். தோளால் வாசித்தால் ஒலி சற்று மென்மையாக வரும், எனக்கு அதுவே பிடிக்கும்.

புளூசிப் உண்மையானதாக இருந்தால், அந்த ஒன்றுக்காகவே டப்பாவை வாங்கலாம். வெஸ்பெல் என்னும், எளிதில் தேயாத பொருளால் ஆன அந்தப் பிக் அமெரிக்காவிலேயே புதிதாக 35 டாலருக்கு மேல் விற்கிறது. 55 என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் 55 பங்கு, அதாவது ஏறத்தாழ 1.4 மி.மீ. தடிமன். வெர்னியர் காலிப்பர் கொண்டு அளந்து பாருங்கள். பெயர் அச்சிட்ட பிக்குக்கு மட்டும் தனியாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். எந்தப் பெயரையும் எந்த அச்சகத்திலும் அடித்துவிடலாம்.

பழம்பெட்டி:
மேலே சொன்னவர் திட்டுத்திட்டான பிக்குகளைத் தொடாமல் விட்டுவிட்டார். நான் முதலில் பார்ப்பது அவற்றைத்தான். முற்காலத்தில் அழுங்காமை என்னும் கடலாமையின் ஓட்டிலிருந்து பிக் செய்தார்கள். 1920களிலிருந்து செல்லுலாய்டு என்னும் பழைய வகைப் பிளாஸ்டிக் அதே நிறத்தைப் போலி செய்து அதன் இடத்தைப் பிடித்தது. உங்களுடையவை செல்லுலாய்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் உண்மையான ஆமையோடாக இருந்தால், எவ்வளவு பழையதானாலும், அதை வாங்குவது சட்டச் சிக்கல். நம் 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அழுங்காமை உள்ளது. பன்னாட்டு வணிகமும் தடைசெய்யப்பட்டதே.

சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழைய சோதனையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். செல்லுலாய்டு குப்பென்று தீப்பிடிக்கும். அதற்குப் பதிலாக விரலால் வேகமாகச் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். செல்லுலாய்டு கற்பூரம் சேர்த்துச் செய்த பொருள் என்பதால் மெல்லிய கற்பூர வாசனை வரும். வாசனை வராவிட்டால் அது ஆமையோடுதான் என்று ஆகிவிடாது, வேறு பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம். ஆனாலும் ஐயம் தீராததை வாங்காமல் விடுவதே நல்லது.

ஆறுகம்பி:
இருவருக்கும் நன்றி. கழுவுவதற்கு அசிட்டோன் பயன்படுத்தலாமா? நெயில் பாலிஷ் நீக்கி வீட்டில் இருக்கிறது.

பழம்பெட்டி:
கூடவே கூடாது. செல்லுலாய்டு அதில் கரைந்துபோகும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் போதும். நாள்பட்ட செல்லுலாய்டு இற்றுப்போகும்போது அமில ஆவி வெளிவந்து உலோகத்தை அரிக்கும். எனவே அவற்றை மூடிய டப்பாவில் கம்பிச் சுருள்களோடு சேர்த்து வைக்காமல், காற்றோட்டமான தாள் உறையில் தனியாக வையுங்கள்.

ஆறுகம்பி:
நேற்றுப் போய்ப் பார்த்தேன். புளூசிப் 1.4 மி.மீ. சரியாக இருந்தது, முனையிலும் தேய்மானம் இல்லை. திட்டுப் பிக்குகளில் இரண்டைத் தவிர மற்றவற்றில் கற்பூர வாசனை வந்தது. அந்த இரண்டை அவரிடமே விட்டுவிட்டு, காரணத்தையும் சொன்னேன். அவர் விலையை 800ஆகக் குறைத்துக்கொண்டார். டார்டெக்ஸில் பாதிக்கு மேல் ஒரே பக்கம் சாய்வாகத் தேய்ந்திருக்கின்றன. இன்று மாலை உப்புத்தாள் வாங்கப் போகிறேன்.