விலகியவர்களின் கணக்குக்கு எந்த முடிவுத் தேதி போடுவது?

வணக்கம் நண்பர்களே. எங்கள் அலுவலகத்தில் ஆரக்கிள் இ-பிசினஸ் சூட் 12.2 என்ற நிறுவன நிர்வாக மென்பொருள் ஓடுகிறது. வேலையை விட்டுப் போன 63 பேரின் கணக்குகளில் பாஸ்வேர்டை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார்கள். முடிவுத் தேதி காலியாகவே கிடக்கிறது. இதில் பயனரை அழிக்க வழியில்லை, தேதி போட்டுத்தான் மூட வேண்டும். அதை ஸ்கிரிப்ட் எழுதி மொத்தமாகச் செய்துவிடுவேன். குழப்பம் தேதியில்தான். விலகிய நாளா, இன்றைய நாளா? பழைய தேதி போட்டால் கணக்கை அன்றே மூடிவிட்டதாகத் தணிக்கையாளருக்குத் தெரியும். அது உண்மையில்லையே, எனக்கு மனம் ஒப்பவில்லை.

அப்புறம், அவர்களில் இருவர் பெயரில் மாதக் கடைசி ரிப்போர்ட்கள் தானாக ஓடுகின்றன. முதலில் அவற்றை வேறொருவர் பெயரில் போட்டுவிட்டுத்தான் மூட வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும்.