ரேடியேட்டர் ஓரத்து ஃபோம் மாத்தினவங்க சொல்லுங்க (பழைய டிராக்டர்)

களத்துமேடு:
பழைய மாஸி 1035. ரோட்டுல டிரெய்லர் இழுத்தா இன்ஜின் சூடு காட்டுற முள் நடுவுல நிக்கும். ரொட்டேவேட்டர் மாட்டி வயல்ல இறங்கினா முக்கால் மணி நேரத்துல சிவப்பு. தெர்மோஸ்டாட் புதுசு, பெல்ட் டைட், ரேடியேட்டர் கழட்டி அடைப்பு எடுத்தாச்சு. கடைசியா பானட்டை மூடி, ஐடிலிங்ல விட்டு, ரேடியேட்டர் ஓரத்துல ஊதுபத்தி காட்டினதுலதான் பிடிபட்டது. இன்ஜின் பக்கம் இருந்த புகை ஓர இடுக்கு வழியா முன்னால ஓடி, அப்படியே வளைஞ்சு திரும்ப ரேடியேட்டருக்குள்ள போச்சு. கிரில் வழியா வரவேண்டிய குளிர்ந்த காத்துக்குப் பதிலா, ஃபேன் தள்ளிவிட்ட சூட்டையே அது மறுபடி இழுத்துக்கிட்டிருக்கு. ரேடியேட்டருக்கும் பானட்டுக்கும் நடுவுல இடுக்கை அடைக்கிற ஓரத்து ஃபோமைத் தொட்டா மாவா உதிருது. (ஊதுபத்தி பிடிக்கும்போது துண்டு, தொளதொளன்னு சட்டைக்கை எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது.)

ஸ்பேனர்செட்:
அதேதான். மெத்தை ஃபோம் 1 இன்ச் வாங்கி ஒட்டுங்க, வேலை முடிஞ்சது. எல்லாக் கடையிலயும் கிடைக்கும்.

நஞ்சைபுஞ்சை:
மெத்தை ஃபோம் போட்ட வண்டி ஒண்ணு, ஒரே போகம் முடிஞ்சு வந்தப்ப ரேடியேட்டர் முன்பக்கம் முழுக்க மஞ்சள் துகள். ஃபோம் ஈரத்தையும் ஆயிலையும் குடிச்சு, சூட்டுல நொறுங்கி, காத்தோட போய் ஃபின்னை (ரேடியேட்டரோட மெல்லிசுத் தகடுகள்) அடைச்சிருக்கு. ஃபோமே இல்லாம ஓடினதைவிட அதிகச் சூடு. ஸ்பேனர்செட் அண்ணா, கடையில கிடைக்குதுங்கிறதுக்காக அதைச் சொல்லாதீங்க. ஏசி பைப்புக்குச் சுத்துற கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட் 13, 19, 25 மி.மீ. கனத்துல வருது. தண்ணி குடிக்காது, டீசல் பட்டாலும் சீக்கிரம் ஊதாது.

ஸ்பேனர்செட்:
ஏசி ஷீட் நல்லதுதான், ஒத்துக்கிறேன். ஆனா அது கெட்டி. இடுக்கு 10 மி.மீ. இருக்கிற இடத்துல 25 வெச்சா பானட் உட்காராது. அமுக்கிப் பூட்டினா அந்த அழுத்தம் முழுக்க ரேடியேட்டர் மேல் டேங்க்குல இறங்கும், சால்டரிங் விடும்.

பட்டறைவாசல்:
கனத்தைக் கண்ணால மதிப்பிடவே கூடாது. களிமண்ணை எலுமிச்சை அளவு உருட்டி, பிளாஸ்டிக் பேப்பர்ல சுத்தி, மேல் டேங்க்குல மூணு இடம், பக்கத்துக்கு ரெண்டு இடம் வைங்க. பானட்டை மூடித் திறந்தா களிமண் நசுங்கி நிக்கிற கனம்தான் இடுக்கு. அதுக்கு மேல மூணுல ஒரு பங்கு சேர்த்துக்கணும்: 14 இருந்தா 19 ஷீட், 18, 19 இருந்தா 25. பழைய வண்டியில பானட் கோணியிருக்கும், இடது வலது ஒரே கனம் வராது. அப்ப ரெண்டு பக்கமும் வேற வேற ஷீட்தான்.

பழைய பசையைச் சுரண்டுறதுக்கு முன்னாடி ஃபின் மேல அட்டை வெச்சு மறைங்க. பட்டி பிளேடு ஒரு தடவை வழுக்கினா பத்து ஃபின் மடங்கிடும். தின்னரைத் துணியில நனைச்சுத் துடைக்கணும், ஊத்தக் கூடாது. இன்ஜின் ஆறியிருக்கணும், பேட்டரி முன்னால இருக்கிற வண்டின்னா முதல்ல அதை எடுத்துடுங்க. அப்படியே கம்ப்ரசர் காத்தை இன்ஜின் பக்கத்துல இருந்து முன்னால அடிச்சா ஃபின்ல இருக்கிற தூசும் உமியும் வந்துடும்.

ஷூ ஒட்டுற ரப்பர் பசையை ஷீட்லயும் தகரத்துலயும் மெல்லிசா தடவி, 10 நிமிஷம் விட்டு, விரல்ல ஒட்டாத பதம் வந்ததும் ஒட்டணும். ஈரத்தோட ஒட்டினா முதல் சூட்டுலயே நழுவும். பட்டை உட்கார வேண்டியது டேங்க் மேலயும் பக்கச் சட்டத்துலயும்தான், ஃபின் மேல அரை இன்ச்கூட ஏறக் கூடாது. மூலையில வளைச்சு ஒட்டாதீங்க, வளைவுல மெலிஞ்சு பிளந்துக்கும். 45 டிகிரி வெட்டிச் சேர்த்து, வெட்டுவாயிலயும் பசை வைங்க. கத்தியைத் தண்ணியில நனைச்சு வெட்டினா ஓரம் பிசிறாது. ஹோஸ் நுழையிற இடத்துல ஓட்டை போடாம ஒரு கீறல் மட்டும் போதும், அதுவே கவ்விக்கும்.

நஞ்சைபுஞ்சை:
சாக்கைச் சுருட்டி இடுக்குல திணிச்ச வண்டியும் பார்த்தாச்சு. நூல் பிரிஞ்சு ஃபேன்ல சுத்தியிருந்தது. சைலன்சர் பக்கம் போயிருந்தா தீதான். தயவுசெஞ்சு யாரும் அதைச் செய்யாதீங்க.

களத்துமேடு:
களிமண் வெச்சுப் பார்த்தாச்சு. வலது 13, இடது 19, மேல 14. வலதுக்கும் மேலயும் 19 ஷீட், இடதுக்கு 25. ஒட்டினப்புறம் அதே இடத்துல ஊதுபத்தி காட்டினா புகை முன்னால போகல, நேரா மேல எழும்புது. கீழ்ப்பக்கம் மட்டும் லேசா இழுக்குது. அங்க பேட்டரித் தட்டு இருக்கு, கை நுழையல. ரேடியேட்டரைக் கழட்டாம கீழ்ப்பட்டை வைக்க வழி இருக்கா?

பட்டறைவாசல்:
இருக்கு. தட்டோட போல்ட்டைக் கழட்டித் தட்டை முன்னால இழுங்க. பட்டையை டேங்க்குல ஒட்ட வேண்டாம், தட்டோட பின்விளிம்புல ஒட்டித் திரும்பத் தள்ளிப் பூட்டுங்க.