புதுப்பிப்பு: பாய்லர் நிலக்கரிச் சாம்பல், வழி கிடைத்துவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: கப்பலூர் பக்கம் எங்கள் சாயப்பட்டறை பாய்லர் சாம்பல் பின்பக்கம் மலையாகக் குவிந்து, ஒரு மழைக்குக் கருந்தண்ணீர் கண்மாய் வாய்க்கால் வரை ஓடிவிட்டது, எங்கே கொட்டுவது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "முதலில் எல்.ஓ.ஐ. சோதனை எடுங்க" என்ற அண்ணன் சொன்னதுதான். சாம்பலை மறுபடி சுட்டு எவ்வளவு எடை குறைகிறது என்று பார்ப்பது. எரியாமல் கிடக்கும் கரி தெரிந்துவிடும். ஃபிளை ஆஷுக்கான (புகையோடு பறக்கும் நுண்சாம்பல்) இந்தியத் தரம் ஐ.எஸ். 3812 படி 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பேக் ஃபில்டர் (புகையை வடிகட்டும் துணிப்பை) பொடி 4 சதவீதம் வந்தது. ஃபிளை ஆஷ் கல் போடுகிறவர் ஈரம் தெளித்து, தார்ப்பாய் மூடி ஏற்றிக்கொண்டார். அடுப்புத் தட்டில் விழும் கட்டிச் சாம்பலோ 17 சதவீதம்! அதை வேண்டாம் என்றுவிட்டார். நாட்டுச் செங்கல் சூளைக்காரர் வாங்கிக்கொண்டார். களிமண்ணில் கலந்தால் கல் உள்ளிருந்தும் வேகுமாம்.

எதிர்பாராதது: அந்த 17தான் பாய்லரில் காற்று போதவில்லை என்று காட்டிக்கொடுத்தது. டேம்பரை (காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடு) சரிசெய்த பின் ஷிப்டுக்கு இரண்டு மூட்டை நிலக்கரி மிச்சமாகிறது.

பள்ளத்தில் கொட்டி மண் மூடச் சொன்ன தம்பிக்கு: செய்யாதீர்கள். ஆர்சனிக், ஈயம் எல்லாம் கசிந்து கிணற்றுக்குப் போகும். 2021 டிசம்பர் 31 சாம்பல் அறிவிக்கை அனல்மின் நிலையங்களுக்கானது. நமக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணையின் (ஆலை நடத்த அனுமதி) நிபந்தனைதான் கணக்கு. லாரிச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள், ஆய்வுக்கு வந்தவர் முதலில் கேட்டது அதைத்தான்.