‘ஏதச்சரக்கு’ வேண்டாம், வேறு சொல் தாருங்கள்

சென்னையிலிருந்து:
அன்பர்களே, வெள்ளிக்கிழமைக்குள் ஓர் இணையப் பக்கத்தைத் தமிழில் ஒப்படைக்க வேண்டும். கேஸ், பெட்ரோல், அமிலம் ஏற்றும் டேங்கர்களை அரசு எப்போது சோதித்தது, என்ன குறை கண்டது, அது சரியாயிற்றா என்று உரிமையாளரும் ஓட்டுநரும் கைபேசியில் பார்க்கும் பக்கம். ‘அபாயகரமான பொருட்கள் போக்குவரத்துப் பாதுகாப்பு ஆய்வு இணையவழிக் கண்காணிப்பு’ என்று தலைப்பிட்டேன். திரையில் நான்கு வரி போகிறது. சுருக்கித் தாருங்கள்.

மதுரையிலிருந்து:
அம்மா, அபாயம், ஆபத்து இரண்டும் வடசொல். உட்பகை ‘ஏதம் பலவும் தரும்’ என்கிறார் வள்ளுவர். ஏதம் என்றால் கேடு. ஏதம் + சரக்கு = ஏதச்சரக்கு. மகரம் கெட்டு வல்லினம் மிகும். இடர் என்றும் சொல்லலாம். ஆனால் அது கால் தடுக்கினாற்போல வந்து போகும் துன்பம். ஏதமோ உள்ளேயே உறைவது. டேங்கருக்குள் இருப்பதும் உட்பகைதானே?

நாமக்கல்லிலிருந்து:
ஐயா, விளக்கம் அருமை. ஆனால் நேற்று பட்டறையில் ஓர் ஓட்டுநரிடம் எழுதிக் காட்டினேன். ‘ஏதோ சரக்கு’ என்று வாசித்தார். எச்சரிக்க வேண்டிய சொல் இப்படி ஆகலாமா? டேங்கரின் ஆரஞ்சுப் பலகையில் 1075 என்றால் கேஸ், 1203 என்றால் பெட்ரோல் என்று தூரத்திலேயே சொல்கிற மனிதர் அவர். ஆய்வு அவருக்குச் ‘செக்கிங்’. ஆய்வாளர் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’. எஃப்.சி. எனும் வாகனத் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், கேஸ் டேங்குக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் அழுத்தச் சோதனைச் சான்று எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். மடித்து மடித்து, தேதி இருந்த இடமே கிழிந்துவிட்டது. அந்தத் தேதியைத்தானே இந்தப் பக்கம் காட்டப்போகிறது?

யாழ்ப்பாணத்திலிருந்து:
‘ஆய்வு’ என்றால் இங்கே பல்கலைக்கழகத்தில் செய்வது. சுகாதாரத்துக்கு வருபவரும் பரிசோதகர்தான். ஆகவே பரிசோதனை. ஆனால் ‘கண்காணிப்பு’ போதாது. 2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நைத்திரிக் அமிலக் கொள்கலன் கசிவது முன்னரே தெரிந்திருந்தது. போன துறைமுகங்களில் அதை இறக்க இடம் கிடைக்கவில்லை. ஓரிடத்தில் கண்ட குறை அடுத்த இடத்துக்கும் கூடவே வர வேண்டும். அதற்குத் ‘தடம்’ என்பதே பொருந்தும்.

மதுரையிலிருந்து:
தடம் ஏற்கிறேன். பரிசோதனை வடசொல். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தார் பண்டங்களுக்குப் புலிப்பொறி இட்டே வெளியே விடுகிறார்கள். சோதித்ததன் அடையாளமாகப் ‘பொறியீடு’ என்று ஆளலாமே? பொறி என்பதற்கு அடையாளம், எழுத்து, எந்திரம், தீப்பொறி என்று எத்தனை பொருள்!

நாமக்கல்லிலிருந்து:
தீப்பொறியா? கேஸ் வண்டிக்கா? வேண்டவே வேண்டாம், ஐயா.

கோவையிலிருந்து:
‘சரக்கு’ என்றால் மது நினைவு வரும் என்று ஒருவர் தனிமடலில் வருந்தினார். சித்த மருத்துவத்தில் 64 பாடாணமும் சரக்குதான். நஞ்சைச் சரக்கு என்று சொல்லியே பழகிய மொழி இது. லாரி ஷெட்டிலும் அதுதான் பேச்சு. விடாதீர்கள்.

சென்னையிலிருந்து:
எல்லோருக்கும் நன்றி. ‘இடர்ச்சரக்கு ஆய்வுத்தடம்’ என்று எழுதப் போகிறேன். ஐவர் சரி என்றார்கள், அதிலும் இருவர் ‘இனி முடியாது, அனுப்பிவிடுங்கள்’ என்றுதான் சொன்னார்கள். ‘ஆய்வு’ நம்மூர் மோட்டார் வாகன ஆய்வாளரின் பெயரிலேயே இருப்பதால் வைத்துக்கொண்டேன். இலங்கைப் பதிப்பு வந்தால் பரிசோதனை. சோதனைத் தேதியைப் பெரிய எழுத்தில் மேலே போடச் சொல்லியிருக்கிறேன்.

மதுரையிலிருந்து:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். இடர் வெளியிலிருந்து வருவது. இந்தச் சரக்கில் கேடு உள்ளே இருக்கிறது. அப்புறம், ‘ஆய்வுத்தடம்’ சேர்த்தே எழுதுங்கள், அம்மா. பிரித்தால் த் தனியாகத் தொங்கும்.