8 ஜிபி ரேம் போட்டதும் டிஸ்ப்ளே வரல, பீப் சத்தம் மட்டும் வருது – அவசர உதவி

கணக்குநோட்டு:
எல்லாருக்கும் வணக்கம். ஆபீஸ் சிஸ்டத்துக்கு செகண்ட் ஹேண்ட் ரேம் 8 ஜிபி ஒண்ணு வாங்கிப் போட்டேன். ஃபேன் ஓடுது, திரையில ஒண்ணும் வரல, பீப் பீப்னு கத்துது. புது ரேமைக் கழட்டினா பழையபடி நல்லா ஓடுது. ஸ்லாட் மாத்திப் போட்டும் பார்த்தாச்சு. நாளைக்கு ஜிஎஸ்டி ஃபைல் பண்ணணும். சீக்கிரம் சொல்லுங்க.

ஊசிமுனை:
எந்த கம்பெனி, எந்த மாடல்? பிராசஸர் நம்பர்? ஏற்கெனவே இருக்கிற ரேம் எவ்வளவு? பீப் எத்தனை தடவை, பவர் லைட் எந்த நிறத்துல மின்னுது? புது ரேம் ஸ்டிக்கர்ல இருக்கிற முழு வரியையும் டைப் பண்ணுங்க.

வெண்கலமணி:
காண்டாக்ட்ல அழுக்குதான் சார். பவர் கார்டை உருவிட்டு பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடிங்க. அப்புறம் ரேமோட தங்க நிறக் காலை பென்சில் ரப்பரால மெதுவா தேய்ச்சு, துகளைத் துடைச்சுட்டுப் போடுங்க. ரெண்டு ஓரக் கொக்கியும் தானா மூடணும்.

கணக்குநோட்டு:
ஹெச்பி. சின்ன கேஸ். ஐ5. பழைய ரேம் 4 ஜிபி. தேய்ச்சுட்டேன், அதேதான்.

நாலாம்அடுக்கு:
"ஐ5"ங்கறது மாடல் இல்ல. முதல் தலைமுறையும் ஐ5தான், பதினாலாம் தலைமுறையும் ஐ5தான். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5னு மூணு ரேம் வகையும் அதுக்குள்ள வருது. இங்க இதை எத்தனையோ தடவை சொல்லியாச்சு. கேஸ் மேல எழுதியிருக்கிறதைப் படிச்சுட்டு வாங்க.

தாழ்வாரம்:
சிமாஸ் பேட்டரியையும் (போர்டுல இருக்கிற காசு மாதிரி சின்ன பேட்டரி) பாருங்க. சிஆர்2032, 3 வோல்ட் இருக்கணும். பேட்டரி இறங்கினா என்னென்னமோ கோளாறு காட்டும்.

ஊசிமுனை:
@தாழ்வாரம், பழைய ரேமோட ஓடுதுன்னு முதல் பதிவுலேயே சொல்லிட்டார். பேட்டரி இறங்கினா தேதி தவறும், செட்டிங் மறக்கும். ஒரு ரேமை ஏத்துக்கிட்டு இன்னொண்ணை மட்டும் தள்ளாது.

கணக்குநோட்டு:
ஹெச்பி காம்பாக் எலைட் 8300 எஸ்எஃப்எஃப் (சின்ன கேஸ்). ஐ5-3470. சிவப்பு லைட் 5 தடவை மின்னுது, கூடவே 5 பீப், கொஞ்சம் நின்னு திரும்பவும் அதே. ஸ்டிக்கர்ல 8 ஜிபி, பிசி3-12800யூ, 1.5 வோல்ட்னு இருக்கு.

ஊசிமுனை:
இப்பத்தான் பிடி கிடைக்குது. ஹெச்பியில 5 சிவப்பு மின்னல், 5 பீப்னா திரை வர்றதுக்கு முன்னாடியே மெமரி பிழைன்னு அர்த்தம்.

முதல்ல சுலபமானது. பழைய 4 ஜிபியை எடுத்துட்டு புதுசை மட்டும் கருப்பு ஸ்லாட்ல போடுங்க. இந்த போர்டுல அதைத்தான் முதல்ல நிரப்பணும். அப்பவும் 5 பீப்னா கலவையில கோளாறு இல்ல, அந்த ரேம்லதான்.

அடுத்து ரேமைக் கையில எடுத்து, ஸ்டிக்கரை விட்டுட்டு கருப்பு சிப் மேல பொடி எழுத்துல இருக்கிற நம்பரைப் படிங்க. மொபைல் கேமராவுல பெரிசு பண்ணினா தெரியும். சாம்சங் சிப்புன்னா கே4பி4ஜி0846 அல்லது கே4பி4ஜி0446ன்னு இருக்கும். ஹைனிக்ஸ்னா ஹெச்5டிக்யூ4ஜி83 அல்லது ஹெச்5டிக்யூ4ஜி43. 08, 83 வந்தா 8 பிட் சிப், இன்டெல்ல ஓடும். 04, 43 வந்தா 4 பிட் சிப். இன்டெல் டெஸ்க்டாப் மெமரி கன்ட்ரோலர் (ரேமை இயக்கற பகுதி) சாதாரண ரேம்ல அந்த 4 பிட் சிப்பை ஏத்துக்காது. ஏஎம்3 மாதிரி பழைய ஏஎம்டி போர்டுகள்ல அது ஓடும். "ஏஎம்டிக்கு மட்டும்"னு விலை குறைவா விக்கிறது இதுதான்.

ரெண்டு வகையிலயும் 16 சிப், ரெண்டு பக்கமும். எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 16 சிப்பும் 4 பிட்டுன்னா மொத்தம் 64 பிட், ஒரே ரேங்க் (64 பிட்டுக்கு ஒண்ணா வேலை செய்யற சிப் கூட்டம்). 8 பிட்டுன்னா எட்டெட்டா ரெண்டு ரேங்க். ஒழுங்கான 8 ஜிபி ஸ்டிக்கர்ல 2ஆர்எக்ஸ்8னு போட்டிருக்கிறது அதைத்தான்.

வெண்கலமணி:
ஸ்டிக்கர் பொய்யா இருந்து, உள்ள டிடிஆர்3எல்லா (குறைஞ்ச வோல்ட் டிடிஆர்3) இருந்தா? 1.35 வோல்ட் ரேம் இந்த போர்டுல எப்படி ஓடும்?

நாலாம்அடுக்கு:
டிடிஆர்3எல் 1.35லயும் 1.5லயும் ஓடற மாதிரிதான் செய்யறாங்க. ஐவி பிரிட்ஜ் (3470 மாதிரி மூணாம் தலைமுறை இன்டெல்) போர்டு 1.5 கொடுக்கும், ரேம் வாங்கிக்கும். தெரியாம குழப்பாதீங்க. 12800க்குப் பின்னால ஆர்னு இருந்தா மட்டும் அது சர்வர் ரேம், இதுல ஓடாது.

அதுக்கு மேல ஒண்ணு. 3470க்குக் காசு போடறதே வீண். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட ஆதரவு முடிஞ்சது. விண்டோஸ் 11க்கு இன்டெல்ல எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு சிப்பும் வேணும். ஐ5-8500 போட்ட ப்ரோடெஸ்க் 600 ஜி4 வாங்குங்க. ஜி3 வேண்டாம், அதுல ஆறாம், ஏழாம் தலைமுறைதான்.

தாழ்வாரம்:
டேலி கணக்கு மென்பொருள், குரோம், ஜிஎஸ்டி தளம் இதுக்கு 3470 தாராளம். நீட்டிச்ச பாதுகாப்பு அப்டேட்டுல சேர்ந்தா 2026 அக்டோபர் 13 வரைக்கும் ஓட்டலாம். எட்டாம் தலைமுறைக்குப் போனா ரேமும் டிடிஆர்4. இருக்கிறது எதையும் எடுத்துட்டுப் போக முடியாது.

நாலாம்அடுக்கு:
அதுக்கப்புறம்? கணக்கு வழக்கு இருக்கிற மெஷின்ல அப்டேட் இல்லாத விண்டோஸ் வச்சுக்கச் சொல்றது பொறுப்பில்லாத யோசனை.

தாழ்வாரம்:
அதுக்குள்ள காசு சேர்த்து வாங்கட்டும்னுதான் சொல்றேன். நாளைக்கு ஃபைல் பண்ண வேண்டியவர்கிட்ட புது மெஷின் வாங்கச் சொல்றது உதவி இல்ல.

சன்னல்கம்பி:
ரேமை விட எஸ்எஸ்டி முக்கியம். ஹார்ட் டிஸ்க்லயா ஓடுது? பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு போட்டு என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) மாட்டிடுங்க.

ஊசிமுனை:
8300 பயாஸ்ல (போர்டுக்குள்ள இருக்கிற தொடக்க மென்பொருள்) என்விஎம்இ டிரைவர் கிடையாது. டேட்டா டிஸ்க்கா தெரியும், அதுல இருந்து நேரா பூட் ஆகாது. பென் டிரைவ்ல கிளோவர்ங்கற பூட் மென்பொருளை வச்சு சுத்தி வளைக்கணும், அந்த பென் டிரைவ் போனா மெஷினே எழுந்திருக்காது. ஆபீஸ் மெஷின்ல அது கூடாது. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும். இந்த போர்டோட க்யூ77 சிப்செட்ல 6 சாட்டா போர்ட்ல ரெண்டுதான் 6 ஜிகாபிட், அதுல ஒண்ணுல மாட்டுங்க. விண்டோஸ் போடறதுக்கு முன்னாடியே பயாஸ்ல சாட்டா செட்டிங் ஏஹெச்சிஐல இருக்கான்னு பாருங்க. போட்ட பிறகு மாத்தினா நீலத் திரை வரும்.

ஆனா @கணக்குநோட்டு, இன்னைக்கு எதுவும் மாத்தாதீங்க. பழைய 4 ஜிபியோடவே நாளைக்கு ஃபைல் பண்ணிடுங்க.

நாலாம்அடுக்கு:
சிப் நம்பர் என்னன்னு இன்னும் சொல்லல.

கணக்குநோட்டு:
0446தான். ஃபைல் பண்ணியாச்சு. கடையில சிப் நம்பரைக் காட்டினேன், வேற எடுத்துக் கொடுத்தாங்க, 0846. இப்ப 12 ஜிபி காட்டுது. நன்றி.

சன்னல்கம்பி:
4+8 போட்டா டூயல் சேனல் (ரெண்டு ரேமும் ஒரே நேரத்துல ரெண்டு பாதையில ஓடறது) போயிடுமே?

ஊசிமுனை:
போகாது. ஒண்ணு ஒண்ணு தனித்தனி சேனல்ல இருந்தா 4க்கு 4 சேர்ந்து 8 ஜிபி டூயல் சேனல்ல ஓடும், மிச்சம் 4 மட்டும் சிங்கிள். ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியான்னு அவர் இன்னும் சொல்லவே இல்ல.