கடவாய்ப்பல்லில் எள்ளளவு கறுப்பு

மூணு வருஷம் முன்னாடி, தை நோம்பிக்கு முந்தின வாரம் பையனுக்குப் பல் காட்ட ஈரோடு போயிருந்தேன். அவனைப் பார்த்து முடித்ததும் டாக்டரம்மா, "வந்ததோட நீங்களும் ஒருக்கா வாயைக் காட்டிட்டுப் போங்க" என்றார். இடது கீழ்க் கடவாய்ப்பல்லில் எள்ளளவு கறுப்பு. சின்ன எக்ஸ்ரே எடுத்து, சொத்தை பல்லின் மேல் ஓடான எனாமலைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, நரம்புக்கு இன்னும் தூரம் இருக்கிறது, இப்போதே அடைத்தால் 900 ரூபாயோடு போய்விடும் என்று படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எனக்கோ வலியே இல்லை. வலிக்காத பல்லுக்கு என்ன செலவு, ஆளைப் பார்த்துக் காசு பிடுங்குகிறார்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். எனாமலில் நரம்பே கிடையாது, அங்கே அரித்தால் நமக்குத் தெரியாது என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டதுதான்.

அடுத்த வருஷம் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருக்கென்று வரும், உடனே போய்விடும். அப்போதாவது போயிருக்கலாம். கிராம்பை நசுக்கி வைத்துக்கொண்டு வலது பக்கமாகவே மென்று ஒப்பேற்றினேன். கடைசியில் ஒரு நாள் பொழுதோட சுடச்சுடக் காப்பி குடித்ததும் பிடித்தது பாருங்கள், காது வரைக்கும் இழுத்து, படுத்தால் இன்னும் அதிகமாகி, விடிய விடியச் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

அதே டாக்டரம்மாதான். திட்டவில்லை. "சூட்டுக்கு வலிக்குதுங்களா? வந்தா எவ்வளவு நேரம் நிக்குது?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடிக் கரண்டியின் காம்பால் பல்லைத் தட்டினார், உயிர் போனது. சுருக்கென்று வந்து போகிற வரைக்கும் அடைத்துக் காப்பாற்றப் பார்க்கலாமாம். தானாக வந்து நின்று வலித்தால் உள்ளே நரம்பு இனி தேறாது, ஒன்று அந்த நரம்பை எடுத்துவிட்டு அடைக்கிற ரூட் கேனால், இல்லையென்றால் பிடுங்க வேண்டியதுதான். மூணு தடவை போய், கேப்பும் போட்டு 8,500 ஆனது.

இந்த மாதிரி யாருக்காவது நடந்திருக்கிறதுங்களா?

திருச்செங்கோட்டிலிருந்து:
எங்க அப்பிச்சி, அம்மாவோட அப்பா, கதை வேற மாதிரிங்க. வெத்தலை, பாக்கு, பொகையிலை மூணையும் வலது கன்னத்தில் அதக்கியே ஐம்பது வருஷம் ஓட்டியவர். பல்செட்டுக்கு அளவெடுக்கக் கூட்டிப்போன இடத்தில், பஞ்சால் துடைத்தும் போகாத வெள்ளைப் படை ஒன்று கன்னத்தின் உட்புறம் இருப்பதைப் பல் டாக்டர் பார்த்துவிட்டு, பல்செட்டை அப்புறம் பார்த்துக்கலாம், முதலில் இதிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும் என்றார். அப்பிச்சிக்கு ஒரே கோபம். "பல்லு கட்ட வந்தா சதையை வெட்டறேங்கறான்!" முடிவு வந்தது. செல்கள் மாற ஆரம்பித்திருக்கின்றன, புற்றுநோயாகவில்லை. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு வெட்டி எடுத்தார்கள், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். முற்றிய பிறகு பார்த்திருந்தால் தாடை எலும்பையும் சேர்த்து எடுத்துக் கதிர்வீச்சும் கொடுக்க வேண்டி வந்திருக்கலாம் என்றார்கள். பாக்கு மட்டும் போட்டாலே புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் முகமை 2004-லேயே சொல்லிவிட்டதாம். இவர் இன்னமும் வேட்டி மடிப்பில் பொகையிலையை ஒளித்துவைக்கிறார், அது தனிக் கதை. மூணு மாசத்துக்கு ஒருக்கா வாயைக் காட்டக் கூட்டிப்போகிறோம்.

கோபியிலிருந்து:
சீக்கிரம் பார்த்தால் உடனே குடைந்து அடைக்கணும் என்றும் இல்லைங்க. என் பொண்ணுக்கு ஏழு வயசு, முன்பல்லில் சுண்ணாம்பு தொட்ட மாதிரி வெள்ளைப் புள்ளி. ஒரு இடத்தில் அடைக்கலாம் என்றார்கள். இன்னொருவர், குழி விழவில்லை, ஃப்ளோரைடு பூசிவிட்டு ஆறு மாசம் கழித்துப் பார்க்கலாம் என்றார். பூசினோம், மிட்டாயைக் குறைத்தோம். புள்ளி அப்படியே நிற்கிறது, பெரிதாகவில்லை.

முதலில் எழுதியவர்:
கோபிக்காரருக்கு, பொண்ணு பல்லை இப்போதே போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்க. என் முதல் எக்ஸ்ரே படத்தை பீரோவில் போட்டு வைத்திருந்தேன். ரூட் கேனாலுக்குப் போனபோது டாக்டரம்மா அதையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, இரண்டு வருஷத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று நகத்தால் தொட்டுக் காட்டினார்.