ஜிப்சத்துக்கு வசூல் வேண்டாம், கீழோடையைத் திறப்போம்

குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம், சலாம்.

உப்பு பூத்துக் கிடக்கும் நம்ம வயலுக்கு ஜிப்சம் போட்டால் சரியாகிவிடும் என்று மூன்று வாரமாக இங்கே ஜிப்சம் பேச்சுதான். சிங்கப்பூர் மாமா ஆளுக்கு 5,000 ரூபாய் என்று கணக்கே போட்டுவிட்டார். குவைத் மச்சான் லாரிக்குச் சொல்லிவைத்துவிட்டாராம். இப்போது லீவில் ஊரில் இருப்பவன் நான் ஒருவன்தான் என்பதால், நம்ம கீழச்செய் வயலில் இறங்கிப் பார்த்ததை எழுதுகிறேன். திட்டுவதானால் படித்துவிட்டுத் திட்டுங்கள். பணத்தை மட்டும் இன்னும் அனுப்பவேண்டாம்.

போன வெள்ளிக்கிழமை ஆறு இடத்தில் முக்கால் அடி தோண்டி மண் எடுத்தேன். மேலே வெள்ளை பூத்துக் கிடக்கிறது, காலை வைத்தால் பொருக்குப் பொருக்காக உடைகிறது. அம்மா சேர்த்துவைத்திருந்த ஹார்லிக்ஸ் பாட்டில்களில் பாட்டிலுக்கொரு பிடி மண் போட்டு, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை வாங்கி ஊற்றிக் குலுக்கித் திண்ணையில் வைத்தேன். விடிந்து பார்த்தால் ஐந்து பாட்டிலில் மண் அடியில் படிந்து, பின்னால் தொங்கிய காலண்டரில் தேதி தெரிகிற அளவுக்குத் தெளிவு. வடமேற்கு மூலையில் எடுத்தது மட்டும் அரிசி கழுவின தண்ணி மாதிரி கலங்கியே நின்றது.

தெளிந்தது உவர், அதாவது உப்பு கரைந்து கிடக்கும் மண். கலங்கினது களர், அதாவது சோடியம் ஒட்டிக்கிடக்கும் மண். ஆனால் பாட்டிலை மட்டும் நம்பமுடியாது. உப்பு ரொம்ப அதிகமாக இருந்தால் களர் மண்ணும் தெளிந்து ஏமாற்றும். அதனால் ராமநாதபுரத்தில் மண் பரிசோதனைக்கும் கொடுத்தேன். அந்த ஐந்துக்கும் மின்கடத்து திறன் (கரைந்த உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு) 4-க்கு மேல், கார அமில நிலை (pH) 8-ஐ ஒட்டி, களிமண் பிடித்துவைத்திருப்பதில் சோடியத்தின் பங்கு 15 சதவீதத்துக்குக் கீழே. புத்தகக் கணக்கில் இது சுத்தமான உவர் நிலம்.

நம்ம ஊரில் எல்லாவற்றையும் உவர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தக் காலத்தில் துணி வெளுக்க அள்ளிய உவர்மண்ணில் இருந்தது சோடா உப்பு, அது உண்மையில் களர்ப் பக்கம். குழப்பம் அந்தப் பேரிலேயே தொடங்குகிறது. களர் மண்ணில் சோடியம் களிமண்ணைப் பிடித்துக்கொண்டு விடாது. ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம் போய் அதைத் தள்ளிவிட்டு உட்காரும், பிறகு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும். உவர் நிலத்தில் தள்ளிவிட ஆளே இல்லை, உப்பு தண்ணீரில் கரைந்து சும்மா கிடக்கிறது. அங்கே ஜிப்சம் போடுவது உப்பில் இன்னொரு உப்பைக் கொட்டுவதுதான். வடமேற்கு மூலைக்கு வேண்டுமானால் கொஞ்சம் வாங்கலாம், லாரி லோடு எதற்கு?

இதைச் சொல்ல எனக்கு வாய் இருப்பதற்குக் காரணம், நானே ஏமாந்தவன். ஆறு வருஷத்துக்கு முன் வாப்பாவின் தென்னைக்காக ஆழ்குழாய் போட்டேன். இரண்டு பேர் சொன்ன ஆழத்தில் இனிப்பாகத்தான் வந்தது. "இன்னும் இறக்குங்க, தண்ணி கொட்டும்" என்றார் போர் போட்டவர். இறக்கினோம், கொட்டியது. இரண்டாவது கோடையில் மட்டை நுனி கருகத் தொடங்கியது. கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் இருந்தால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு அது உப்பை அமுக்கி வைத்திருக்கும். மேலே ஒரு அடி இறைத்தால் கீழே 40 அடி உப்பு ஏறும். மணலில் கையால் ஊற்றுத் தோண்டி, அகப்பையில் மொண்டு குடத்தை நிரப்பின நம்ம பாட்டிமார்களுக்கு இது தெரிந்திருந்தது. எனக்குத் தெரிய ஒன்றே கால் லட்சம் ஆனது.

அந்தக் குழாய்த் தண்ணீரில் இப்போது மின்கடத்து மீட்டர் 3 காட்டுகிறது. லிட்டருக்கு ஏறக்குறைய 1.9 கிராம் உப்பு. ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குலம் பாய்ச்சினால் 2 லட்சம் லிட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், 390 கிலோ வருகிறது. ஒரு பாய்ச்சலுக்கு எட்டு மூட்டை உப்பை நானே வயலில் இறக்கியிருக்கிறேன்! மண்ணில் இதே அளவு 1.5-ஐத் தாண்டினாலே மிளகாய் விளைச்சல் குறையத் தொடங்கும், நெல் 3 வரை தாங்கும், பருத்திதான் 7-க்கு மேலும் நிற்கும். நம்ம ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு வந்தது என்று இதே குழுவில் கொண்டாடினோம். அந்தச் செடியை இந்தத் தண்ணீரில் வளர்க்கமுடியாது.

அப்போ என்ன செய்ய? உப்பு கரைந்துதான் கிடக்கிறது என்றால் கழுவி வெளியே அனுப்பவேண்டும். கழுவ நமக்கு வாய்த்த ஒரே நல்ல தண்ணீர் ஐப்பசி, கார்த்திகை மழை. ஒரு அடி மண் வழியாக ஒரு அடி தண்ணீர் கீழே இறங்கிப் போனால் அந்த மண்ணின் உப்பில் பெரும்பங்கு போய்விடும், 80 சதவீதம் என்று பொதுவாகச் சொல்வார்கள். போவதற்கு வழி வேண்டும், அவ்வளவுதான். நமக்கு வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் சொச்சம் மழை, பாதிக்கு மேல் அந்தப் பருவத்திலேயே பெய்துவிடுகிறது. பெய்த தண்ணீர் கீழச்செய்யில் கணுக்கால் அளவு தேங்கி, வழியில்லாமல் நின்று, தை மாசியில் ஆவியாகி, உப்பை மேலேயே விட்டுவிட்டுப் போகிறது.

வழி இருந்தது. கண்மாய் நிரம்பி வழிகிற கலுங்கிலிருந்து கடலுக்குப் போகும் கீழோடை. நேற்று அதில் நடக்கப் பார்த்தேன், முப்பது அடிகூடப் போகமுடியவில்லை. முழுக்கச் சீமைக்கருவை. நடுவில் யாரோ கரிமூட்டம் போட்ட சாம்பல் மேடு. ஓடையின் அடிமட்டம் இப்போது நம்ம வயலைவிட உயரம், குச்சி நட்டு நூல் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஆகவே வசூல் ஆகிற பணம் ஓடைக்குப் போகட்டும். கருவையை வேரோடு எடுத்து, வயலைவிட மூன்றடி தாழத் தோண்டவேண்டும். கடல் முனையில் பலகை அடைப்பு கண்டிப்பாக வேண்டும், மழைக்காலத்தில் கடல் மட்டமும் ஏறி நிற்கும், திறந்துவிட்டால் அதே ஓடை வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். புறம்போக்கு என்பதால் ஊராட்சியிலும் தாலுகா ஆபீசிலும் எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் ஜேசிபியை இறக்கவேண்டும். வரப்புகளை ஒரு முழம் உயர்த்துவதை அவரவர் வீட்டார் பார்த்துக்கொள்ளலாம். அறுத்ததும் கோடை உழவு போட்டால் கீழ் உப்பு மேலே ஏறுவது குறையும். தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுதால் மண் இளகும், தண்ணீர் இறங்கும். முதல் வருஷம் மிளகாய் ஆசை வேண்டாம், புழுதியில் குழியடிச்சான் விதைப்போம், உப்பைத் தாங்கும் நம்ம பக்கத்து நெல்தான். ராமநாதபுரத்திலேயே கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, விதை விஷயத்தை அங்கே கேட்டுக்கொள்ளலாம்.

குவைத் மச்சான், கோபப்படாமல் லாரிக்காரருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். புரட்டாசிக்குள் ஓடை முடியவேண்டும், அதற்குப் பிறகு மண்ணில் வண்டி இறங்காது.

எனக்கு வருகிற பதினெட்டாம் தேதி ஷார்ஜா டிக்கெட். மீட்டரையும் ஆறு பாட்டிலையும் பெரியம்மா வீட்டுப் பரணில் வைத்துவிட்டுப் போகிறேன். அடுத்து லீவில் வருகிறவர் அதே ஆறு இடத்தில் மண் எடுங்கள், ஒவ்வொரு இடத்திலும் பனங்குச்சி நட்டிருக்கிறேன்.